அமெரிக்கக் கல்லூரியில் கர்ப்பம், லேபில் தொல்லை, கையில் எஃப்-1 விசா: டைட்டில் நைன் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

கேள்வி சுருக்கமாக இதுதான். உங்கள் அக்கா மகள் அமெரிக்காவில் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் பிஎச்.டி. மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். இப்போது கர்ப்பம். கைடு, “ஒரு வருஷம் லீவு போட்டுவிட்டு வா, திரும்பி வரும்போது ஃபண்டிங் இருக்குமா என்று இப்போது சொல்ல முடியாது” என்கிறார். அதே லேபில் போஸ்ட்டாக், அதாவது பிஎச்.டி. முடித்துவிட்டு ஆராய்ச்சி வேலை பார்க்கும் ஒருவர், அவள் உடம்பைப் பற்றி மாதக்கணக்கில் அசிங்கமாகப் பேசிவருகிறார். புகார் கொடுத்தால் விசாவுக்கு ஆபத்து வருமா, பல்லைக் கடித்துக்கொண்டு படிப்பை முடிப்பதுதான் நல்லதா என்று கேட்கிறீர்கள்.

புகார் கொடுப்பதால் விசா போகாது. கைடு சொன்னதற்கும் போஸ்ட்டாக் செய்வதற்கும் எதிராக ஒரே சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறது. ஆனால் அந்தப் பாதுகாப்பு தானாகத் தேடி வராது. சரியான ஆளின் கைக்கு எழுத்தில் போய்ச் சேர வேண்டும். வெளிநாட்டு மாணவர்கள் சிலருக்குத் துணையாக இந்த விசாரணைகளில் உட்கார்ந்திருக்கிறேன். நான் பார்த்தவரை, நியாயம் இருந்தும் ஒன்றும் நடக்காமல் போனவற்றில் பெரும்பாலானவை வாய்ப்பேச்சோடு நின்றுபோனவை. “டிபார்ட்மெண்ட் ஹெட்டிடம் சொன்னேன், பார்க்கிறேன் என்றார்” என்பதோடு முடிந்துவிடும். அதனால் சட்டத்தைச் சொல்லும்போதே, யாருக்கு எப்போது எழுத வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

சட்டத்தின் பெயர் டைட்டில் நைன். 1972 ஜூன் 23-ல் நிக்சன் கையெழுத்திட்டது. அந்தக் காலத்தில் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளும் சட்டக் கல்லூரிகளும் பெண்களுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களைத்தான் கொடுத்தன. இந்தச் சட்டத்துக்காக நாடாளுமன்றத்தில் போராடியவர்களில் ஒருவரான பாட்ஸி மிங்க், பெண் என்பதால் மருத்துவக் கல்லூரிகளில் இடம் கிடைக்காமல் சட்டம் படிக்கப் போனவர். பின்னாளில் சட்டத்துக்கே அவர் பெயரைச் சூட்டினார்கள். மத்திய அரசின் பணம் வாங்கும் எந்தக் கல்வி நிறுவனமும் பாலினத்தை வைத்து யாரையும் ஒதுக்கக் கூடாது, பாகுபாடு காட்டக் கூடாது என்பதுதான் சாரம். மாணவர் கடன், ஆராய்ச்சி நிதி என்று ஏதோ ஒரு வழியில் அந்தப் பணம் ஏறக்குறைய எல்லாக் கல்லூரிக்கும் போவதால், தனியார் பல்கலைக்கழகங்களும் இதற்குள் வந்துவிடும். சட்டம் குடியுரிமையைப் பார்ப்பதில்லை. எஃப்-1 மாணவிக்கும் அங்கேயே பிறந்தவளுக்கும் இதில் ஒரே உரிமைதான். மதம் சார்ந்த கல்லூரிகளுக்கு மட்டும் அவர்கள் மதக் கொள்கையோடு மோதும் இடங்களில் விலக்கு உண்டு. உங்கள் அக்கா மகள் படிப்பது அப்படிப்பட்ட கல்லூரியா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இணையத்தில் தேடும்போது ஒரு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். பைடன் அரசு 2024-ல் புதிய விதிகள் கொண்டுவந்தது. கர்ப்பிணி மாணவிகளுக்குக் கல்லூரி என்னென்ன செய்ய வேண்டும், பால் புகட்டவும் எடுத்துவைக்கவும் தனி அறை என்று விரிவாக அதில் இருந்தது. பாலின அடையாளத்தின் பேரில் காட்டும் பாகுபாட்டையும் அது சேர்த்திருந்தது. 2025 ஜனவரி 9-ல் கென்டக்கியில் ஒரு மத்திய நீதிமன்றம் அதை முழுதாக ரத்து செய்துவிட்டது. அதற்குப் பிறகு 2020-ம் ஆண்டு விதிகளே செல்லும் என்று கல்வித் துறை அறிவித்தது. பல கல்லூரிகளின் பழைய பக்கங்களும் கையேடுகளும் இன்னும் 2024 விதியைச் சொல்லிக்கொண்டிருக்கலாம். அதைக் காட்டி வாதாடினால் “அது இப்போது இல்லை” என்று ஒரே வரியில் பதில் வரும்.

சரி, கர்ப்ப விஷயத்துக்கு வருவோம். 2024 விதி போனதால் கர்ப்பிணிகளுக்கான பாதுகாப்பே போய்விட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. 1975-லிருந்தே இருக்கும் விதி அப்படியே இருக்கிறது. கர்ப்பம், பிரசவம், கருச்சிதைவு, கருக்கலைப்பு, அதிலிருந்து உடல் தேறிவரும் காலம் எதற்காகவும் ஒரு மாணவியை வகுப்பிலிருந்தோ லேபிலிருந்தோ ஒதுக்கக் கூடாது. அவளாக விரும்பிக் கேட்டால்தான் தனி ஏற்பாடு. ஆகவே “ஒரு வருஷம் போய்விட்டு வா” என்று கைடு தானாக முடிவு செய்ய முடியாது. அக்கறையோடு சொன்னாலும் சரி, புராஜெக்ட் தாமதமாகிவிடும் என்ற கவலையில் சொன்னாலும் சரி, முடிவு அவளுடையது.

விடுப்பு வேண்டும் என்றால், எவ்வளவு நாள் மருத்துவ ரீதியாக அவசியம் என்று டாக்டர் சொல்கிறாரோ அவ்வளவு நாள் கொடுக்க வேண்டும். கல்லூரியில் விடுப்புக் கொள்கையே இல்லாவிட்டாலும், அல்லது இருக்கும் கொள்கையில் அவளுக்குத் தகுதி இல்லாவிட்டாலும், இது பொருந்தும். திரும்பி வரும்போது விடுப்புக்குப் போன அன்று என்ன நிலையில் இருந்தாளோ அதே நிலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும். “ஃபண்டிங் இருக்குமா தெரியாது” என்ற பேச்சு இந்த இடத்தில்தான் இடிக்கிறது. கிராண்ட் உண்மையிலேயே முடிந்து லேபில் எல்லோருக்கும் பணம் நின்றுபோனால் அது வேறு கதை. மற்றவர்களுக்குத் தொடரும் பணம் இவளுக்கு மட்டும் கர்ப்பத்தால் நின்றால், அது பாகுபாடு.

ஆர்ஏ, அதாவது சம்பளத்துக்கு ஆராய்ச்சி உதவியாளர் வேலை பார்க்கும் மாணவிகளை எச்.ஆர். அலுவலகம் குழப்பிவிடும் ஒரு இடம் உண்டு. விடுப்பு என்று கேட்டதும் எஃப்.எம்.எல்.ஏ. என்ற, குடும்ப மற்றும் மருத்துவ விடுப்புக்கான தொழிலாளர் சட்டத்தை எடுப்பார்கள். அதற்கு 12 மாதம் வேலை பார்த்திருக்க வேண்டும், அந்த 12 மாதத்தில் 1,250 மணி நேரம் உழைத்திருக்க வேண்டும். வாரம் 20 மணி நேரம் என்று வருடம் முழுக்க வேலை பார்த்தாலும் 1,040 மணிதான் வரும். “உனக்குத் தகுதி இல்லை” என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். பெண்ணும் விடுப்பே கிடையாது போல என்று வந்துவிடுவாள். டைட்டில் நைன் விடுப்புக்கு மணிக்கணக்கு கிடையாது. எச்.ஆர். சொன்னது அவர்கள் சட்டத்துக்குச் சரியான பதிலாக இருக்கலாம், அவளுடைய கேள்விக்கு அது பதில் ஆகாது. அத்தோடு, சம்பளம் வாங்கும் வேலையைப் பொறுத்தவரை, 2023 ஜூன் 27-ல் நடைமுறைக்கு வந்த கர்ப்பிணித் தொழிலாளர் நியாயச் சட்டமும் அவளுக்குக் கைகொடுக்கலாம். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும், அடிக்கடி இடைவேளை, உட்கார்ந்து வேலை செய்ய வசதி, கனமான பொருளைத் தூக்காமல் இருப்பது போன்ற நியாயமான மாற்றங்களை முதலாளி செய்துதர வேண்டும் என்கிறது அது.

அவள் வேதியியல் லேபில் இருந்தால் இது இன்னும் முக்கியம். கர்ப்ப காலத்தில் தொடக் கூடாத கரைப்பான்கள், கதிரியக்கப் பொருள்கள் இருக்கும். கல்லூரியின் பாதுகாப்புப் பிரிவிடம் கேட்டால் அவளுடைய வேலைப் பட்டியலைப் பார்த்து எதை நிறுத்தலாம் என்று சொல்வார்கள். கேட்பது அவள் உரிமை. “ஆபத்து இருக்கிறது, அதனால் லேபுக்கே வராதே” என்று கைடு தானாக வெளியே நிறுத்துவது வேறு. இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல.

டாக்டர் சான்றிதழையும் கண்டபடி கேட்க முடியாது. கால் முறிந்த மாணவனிடம் என்ன கேட்பார்களோ அதைத்தான் இவளிடமும் கேட்கலாம். தேர்வைத் தவறவிட்டால், “என் சிலபஸில் மறுதேர்வு கிடையாது என்று போட்டிருக்கிறேன்” என்று ஒரு பேராசிரியர் சொல்வது செல்லாது. கலிஃபோர்னியா மாதிரி சில மாநிலங்களில் இதற்கு மேலும் சட்டம் இருக்கிறது. அங்கே கர்ப்பத்துக்காக விடுப்பு எடுக்கும் பட்டமேற்படிப்பு மாணவிக்குத் தகுதித் தேர்வுகளுக்குக் குறைந்தது 12 மாதம் கூடுதல் அவகாசம் கொடுக்க வேண்டும். அவள் இருக்கும் மாநிலத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது நல்லது.

விசா கணக்கு தனி. இங்கேதான் நம் பிள்ளைகள் அதிகம் சறுக்குகிறார்கள். டைட்டில் நைன் அலுவலகம் விடுப்பு கொடுத்துவிட்டது என்பதற்காக எஃப்-1 நிலை தானாகக் காப்பாற்றப்படாது. கோர்ஸைக் குறைப்பதற்கு அல்லது நிறுத்துவதற்கு முன்பே இன்டர்நேஷனல் ஆபீஸில் வெளிநாட்டு மாணவர்களின் விசா விவகாரங்களைக் கவனிக்கும் டி.எஸ்.ஓ. என்ற அதிகாரியைப் பார்த்து, மருத்துவக் காரணத்துக்காகப் பாடச் சுமையைக் குறைக்கும் அனுமதி வாங்க வேண்டும். அதற்கு டாக்டர் கடிதம் வேண்டும். ஒரு படிப்பு நிலைக்கு மொத்தம் 12 மாதம் வரை இதைக் கொடுக்கலாம், தேவைப்பட்டால் ஒரு பாடம்கூட எடுக்காமலே இருக்கலாம். ஒவ்வொரு செமஸ்டருக்கும் புதிதாக வாங்க வேண்டும். பிரசவத்துக்கு ஊருக்கு வருவது என்றால் ஐந்து மாதக் கணக்கை மறக்கக் கூடாது. அதற்கு மேல் வெளியே இருந்தால் பழைய நிலையிலேயே திரும்ப நுழைய முடியாது, எஃப்-1 விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவம் புதிதாகத் தேவைப்படலாம். டிக்கெட் போடுவதற்கு முன் டி.எஸ்.ஓ.விடம் பேசச் சொல்லுங்கள். போட்ட பிறகு பேசிப் பயனில்லை.

இனி யாருக்கு எழுதுவது என்று பார்ப்போம். ஒவ்வொரு கல்லூரியிலும் டைட்டில் நைன் கோஆர்டினேட்டர் என்று ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். பெயர், மின்னஞ்சல், தொலைபேசி எண் எல்லாம் கல்லூரித் தளத்தில் இருந்தாக வேண்டும். அவருக்கு ஒரு மின்னஞ்சல் போதும். நீளமாக எழுத வேண்டாம், அழகான ஆங்கிலமும் வேண்டாம். நான் கர்ப்பமாக இருக்கிறேன், இந்தத் தேதியில் பிரசவம் எதிர்பார்க்கப்படுகிறது, என் கைடு இந்தத் தேதியில் இப்படிச் சொன்னார், எனக்கு விருப்பமில்லாத விடுப்பை நான் கேட்கவில்லை, எனக்கு இன்னின்ன மாற்றங்கள் வேண்டும், டைட்டில் நைன் விதிப்படி இதைக் கேட்கிறேன். இவ்வளவுதான். கல்லூரி மின்னஞ்சலிலிருந்து அனுப்பிவிட்டு ஒரு பிரதியைச் சொந்த மின்னஞ்சலுக்கும் அனுப்பிவைக்கச் சொல்லுங்கள். கல்லூரிக் கணக்கு எப்போது மூடப்படும் என்று யாருக்கும் தெரியாது. கைடோடு பேசிய பிறகு, “இன்று நீங்கள் சொன்னதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன்” என்று அவருக்கே ஒரு மின்னஞ்சல் போடுவது இன்னும் நல்லது. மறுத்து எழுதினால் விஷயம் அங்கேயே முடிந்தாலும் முடியும். மறுக்காமல் விட்டால் அதுவே ஆதாரம்.

போஸ்ட்டாக் விஷயத்துக்கும் அதே கோஆர்டினேட்டர்தான். ஆனால் வழி கொஞ்சம் வேறு. தகவல் சொல்வது ஒன்று, கையெழுத்திட்டு முறையான புகார் கொடுப்பது இன்னொன்று. தகவல் சொன்னாலே கோஆர்டினேட்டர் அவளைக் கூப்பிட்டு என்ன உதவி வேண்டும் என்று கேட்டாக வேண்டும். லேபில் நேரத்தை மாற்றுவது, இருக்கையை மாற்றுவது, இருவரும் ஒருவரை ஒருவர் தொடர்புகொள்ளத் தடை, காலக்கெடு நீட்டிப்பு, இரவில் கூட வர ஆள், தங்குமிட மாற்றம் என்று பலவும் இலவசமாகக் கேட்கலாம். விசாரணை வேண்டாம் என்றால்கூட இவை கிடைக்கும். பலருக்குத் தேவைப்படுவது உண்மையில் இதுதான், இது கிடைக்கும் என்பதே தெரியாமல் இருக்கிறார்கள்.

விசாரணை வேண்டும் என்றால் முறையான புகார். 2020 விதிகளில் வாசல் கொஞ்சம் குறுகல். பாலியல் தாக்குதல், ஸ்டாக்கிங் (விடாமல் பின்தொடர்ந்து தொல்லை செய்வது), காதல் அல்லது குடும்ப உறவில் வன்முறை இவற்றில் ஒருமுறை நடந்தாலும் போதும். “நான் சொன்னபடி நடந்தால் ஆராய்ச்சிப் பேப்பரில் பேர் போடுவேன்” என்று ஊழியர் ஒருவர் பேரம் பேசினால் அதுவும் ஒருமுறை போதும். பேச்சு, ஜாடை, மெசேஜ் போன்றவை என்றால் அவை கடுமையாகவும், பரவலாகவும், யார் பார்த்தாலும் அருவருப்பாகவும் இருந்து, படிப்பில் அவளுக்குரிய சம வாய்ப்பைக் கெடுத்திருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டும். அதனால் மாதக்கணக்கில் நடப்பதைத் தேதியோடு எழுதிவைப்பதுதான் அவளுக்குப் பலம். என்ன சொன்னான், யார் பக்கத்தில் இருந்தார், அதற்குப் பிறகு எந்த மீட்டிங்குக்குப் போகாமல் தவிர்த்தாள், எந்த நாளில் வீட்டிலிருந்தே வேலை செய்தாள். வாட்ஸ்ஆப் மெசேஜை வெறுப்பில் அழித்துவிடக் கூடாது. டைட்டில் நைன் வரையறைக்குள் வராது என்று கல்லூரி தள்ளுபடி செய்தாலும், கல்லூரியின் சொந்த நடத்தை விதியில் அதே புகாரை எடுக்கலாம். “அப்படியானால் நடத்தை விதியில் எடுங்கள்” என்று எழுதிக் கேட்க வேண்டும்.

இன்னொன்று, மிக முக்கியம். முறையான புகார் கொடுக்கும் நேரத்தில் அவள் அந்தக் கல்லூரியில் படித்துக்கொண்டிருக்க வேண்டும், அல்லது படிக்க முயன்றுகொண்டிருக்க வேண்டும். “முதலில் வெளியே வந்துவிடு, பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று வீட்டில் சொல்வோம். அந்த அறிவுரையைக் கேட்டு டிராப் செய்துவிட்டு வந்தால் புகார் கொடுக்கும் தகுதியையே இழக்க நேரிடலாம். விலகுவதே முடிவு என்றாலும் புகாரைக் கொடுத்துவிட்டு விலகட்டும்.

டிபார்ட்மெண்டில் யாராவது “உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளலாமே” என்பார்கள். கல்லூரி ஊழியர் ஒருவர் மாணவியைத் தொல்லை செய்ததாக முறையான புகார் இருந்தால் அந்த சமரச வழியைக் கல்லூரி முன்வைக்கவே கூடாது. போஸ்ட்டாக் சம்பளப் பட்டியலில் இருப்பவர் என்றால் இது அவருக்குப் பொருந்தும்.

விசாரணையில் இரு தரப்புக்கும் எல்லா ஆதாரங்களும் காட்டப்படும், படித்துப் பதில் எழுதக் குறைந்தது 10 நாள் கொடுப்பார்கள். பிறகு நேரடி விசாரணை. கேட்டால் இருவரையும் தனித்தனி அறையில் வைத்து வீடியோவில் நடத்துவார்கள். எதிர்த் தரப்புக்குத் துணையாக வரும் அட்வைசர்தான் கேள்வி கேட்பார், எதிராளி நேராகக் கேட்க முடியாது. ஒவ்வொரு கேள்விக்கும் தலைமை வகிப்பவர் அது சம்பந்தப்பட்டதா என்று முதலில் சொல்வார், அதற்குப் பிறகுதான் பதில் சொல்ல வேண்டும். இந்த இடைவெளியை அவள் முன்கூட்டியே தெரிந்துவைத்திருப்பது நல்லது. அவசரப்பட்டுப் பதில் சொல்லி, தேவையில்லாத கேள்விக்கெல்லாம் உடைந்துபோகும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். அவளுடைய பழைய உறவுகளைப் பற்றிய கேள்விகள் ஏறக்குறைய எல்லாமே அனுமதிக்கப்படாது. அட்வைசராக யாரை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், வக்கீலாக இருக்க வேண்டியதில்லை. யாரும் இல்லாவிட்டால் கேள்வி கேட்கக் கல்லூரியே ஒருவரை இலவசமாகத் தர வேண்டும்.

இதே விதிகள் புகாருக்கு ஆளானவருக்கும் உரிமை தருகின்றன, அதையும் சொல்லத்தான் வேண்டும். முடிவு வரும்வரை அவர் குற்றமற்றவர் என்றே கருத வேண்டும், ஆதாரம் பார்க்கவும் அப்பீல் போகவும் அவருக்கும் வழி உண்டு. நம் பையன்கள் சிலர் இதில் மாட்டிக்கொள்வதையும் பார்க்கிறேன். ஒரு பெண் வேண்டாம் என்று சொன்ன பிறகும் மெசேஜ் அனுப்பிக்கொண்டே இருப்பது, அவள் வரும் பஸ்ஸுக்குக் காத்திருப்பது இவையெல்லாம் அங்கே ஸ்டாக்கிங் ஆகிவிடும். அது தெரியாது என்பது பதில் ஆகாது.

புகார் கொடுத்ததற்காக யாரும் பழிவாங்கக் கூடாது. மதிப்பெண்ணைக் குறைப்பது, பேப்பரில் பெயரை எடுப்பது, பரிந்துரைக் கடிதம் மறுப்பது, “உன் விசா என் கையில்” என்று மிரட்டுவது எதுவானாலும் அது தனிப் புகார். அதற்கும் அதே கோஆர்டினேட்டருக்கு உடனே ஒரு மின்னஞ்சல். ஊரில் இருக்கும் பெற்றோருக்குத் தெரிந்துவிடும் என்று அவள் பயந்தால், கல்லூரி மாணவரின் பதிவுகளை அவர் சம்மதம் இல்லாமல் வீட்டுக்குச் சொல்வதைத் தடுக்கத் தனிச் சட்டம் இருக்கிறது என்று சொல்லுங்கள். யாரிடமும் அதிகாரபூர்வமாகப் போகாமல் மனம்விட்டுப் பேச வேண்டும் என்றால் கல்லூரியின் கவுன்சலர் இருக்கிறார். அவர் பொதுவாக அதை வெளியே சொல்ல மாட்டார். ஆனால் அதனாலேயே கவுன்சலரிடம் சொன்னதைக் கல்லூரியிடம் சொன்னதாகக் கணக்கில் எடுக்க மாட்டார்கள்.

இந்தக் கணக்கு கோர்ட்டில் மிகவும் பெரிதாகும். 1979-லிருந்து மாணவர்கள் இந்தச் சட்டத்தின்கீழ் தாங்களே வழக்குப் போடலாம். ஆனால் 1998-லும் 1999-லும் உச்ச நீதிமன்றம் ஒரு நிபந்தனை வைத்தது. நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் உள்ள ஒருவருக்கு விஷயம் தெரிந்திருந்தும் கல்லூரி கண்டும் காணாமல் இருந்தால்தான், தொல்லைக்காக நஷ்ட ஈடு கேட்க முடியும். கோஆர்டினேட்டருக்குப் போன அந்த முதல் மின்னஞ்சல்தான் அங்கே பேசும். வழக்குப் போடும் காலக்கெடு மாநிலத்துக்கு மாநிலம் மாறும், அந்த ஊர் வக்கீலைத்தான் கேட்க வேண்டும்.

வழக்கு வேண்டாம் என்றால் மத்தியக் கல்வித் துறையின் சிவில் உரிமை அலுவலகத்துக்கு, ஓ.சி.ஆர். என்பார்கள், இலவசமாகப் புகார் அனுப்பலாம். அவளே அனுப்ப வேண்டும் என்றில்லை, அவளுக்காக யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். கடைசியாகச் சம்பவம் நடந்து 180 நாளுக்குள் போக வேண்டும். கல்லூரியின் உள்விசாரணைக்குப் போயிருந்தால் அது முடிந்து 60 நாள். 2025 மார்ச்சில் அந்த அலுவலகத்தின் 12 வட்டாரக் கிளைகளில் 7 மூடப்பட்டன, ஆட்களும் வெகுவாகக் குறைக்கப்பட்டார்கள். அதனால் பதில் சீக்கிரம் வரும் என்று நம்பி மற்ற வழிகளை நிறுத்திவைக்க வேண்டாம். கைடு பேசிய தேதியையும் போஸ்ட்டாக் கடைசியாகப் பேசிய தேதியையும் இன்றே குறித்துவைத்து, இரண்டிலிருந்தும் 180 நாளை எண்ணிக் காலண்டரில் போட்டுவைக்கச் சொல்லுங்கள்.